செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்கு ஹைட்ராலிக் லிஃப்ட்: மூன்று வகை வால்வுக் கட்டுப்பாட்டில் எது பொருந்தும்?

போன தை மாதம் முன்னோர்களுக்கான படைப்புக்காகப் பங்காளிகள் எல்லோரும் கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் எங்கள் பொது வீட்டில் கூடியிருந்தோம். அப்பத்தாவுக்கு 86 வயது. முழங்கால் வலியால் மாடி ஏற முடியாமல் பட்டாலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கல்யாணப் பெட்டி மாடி அறையில் இருக்கிறது. "ஒரு தடவ மேல போயி அதத் திறந்து பாத்துட்டு வந்துரணும்ப்பா" என்று இரண்டு நாளில் நாலைந்து முறை சொல்லிவிட்டார். படைப்பு முடிந்த மறுநாள் காலையில் பெரியப்பச்சி, "லிஃப்ட் ஒண்ணு வச்சுருவோம்" என்று பேச்சைத் தொடங்கினார். நான் சென்னையில் 22 வருடம் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்த்தவன். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கினேன். கேபின், கதவு, தண்டவாளம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை வித்தியாசம் முழுக்க ஒரே இடத்தில் இருந்தது: ஆயிலைக் கட்டுப்படுத்தும் முறை. ஒருவர் முழுக்க மெக்கானிக்கல் வால்வு போட்டிருந்தார், ஒருவர் எலெக்ட்ரானிக் வால்வு, மூன்றாமவர் மோட்டாரின் வேகத்தையே மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ். மூவருமே பயணம் வழுக்கிக்கொண்டு போகும் என்றுதான் எழுதியிருந்தார்கள். பங்காளிகளுக்கு விளக்குவதற்காக எடுத்த குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்து வீடுகளுக்கென்று சில தனிக் கவலைகள் இருக்கின்றன. அவற்றை எந்த விற்பனையாளரும் கேட்பதில்லை.

ஆயில் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக்தான் என்பதில் எங்களுக்குள் அதிகம் விவாதம் இல்லை. கயிற்றில் தொங்கும் லிஃப்ட்டுக்குப் பெரும்பாலும் மேலே இருந்து பிடிமானம் வேண்டும். எங்களுடையது 1920களில் கட்டிய வீடு. தேக்கு உத்தரமும் சுண்ணாம்புக் காரையும் சுமக்கும் மாடித் தளத்தில் புதுப் பாரம் ஏற்ற எனக்கு மனம் இல்லை. ஹைட்ராலிக்கில் எடை முழுவதும் தரைக்கு இறங்கிவிடும். எதிர் எடையும் கிடையாது. மோட்டாரும் ஆயில் தொட்டியும் லிஃப்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சும்மா கிடக்கும் சாமான் அறையில் வைத்துவிட்டுக் குழாயை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

சரி, வால்வுக்கு வருவோம்.

இந்த லிஃப்ட்டில் கேபினைத் தூக்குவது ஆயில். மோட்டாரும் பம்ப்பும் தொட்டிக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கும். சாதாரண மோட்டாருக்கு ஒரே வேகம்தான்: ஓடும், இல்லை நிற்கும். பம்ப் தள்ளும் ஆயிலை அப்படியே கேபினைத் தூக்கும் ஜாக்குக்கு விட்டால் கேபின் குதித்துக் கிளம்பும், இடித்து நிற்கும். ஆகவே நடுவில் வால்வு இருந்து, ஜாக்குக்கு எவ்வளவு, தொட்டிக்கே திரும்புவது எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறது. இறங்கும்போது மோட்டார் ஓடாது. கேபினின் எடையே ஆயிலைத் திரும்பத் தள்ளும். வால்வு எவ்வளவு வழி விடுகிறதோ அதுதான் வேகம். அப்பத்தாவின் முழங்கால் உணரப்போகும் ஒவ்வொரு அசைவும் இந்த ஓர் இரும்புக் கட்டிக்குள்தான் தீர்மானமாகிறது.

வேலை எளிதாகத் தெரியும். கஷ்டம் எங்கே என்றால், ஏற்றும் சுமையும் ஆயிலின் சூடும் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 4 பேர், அதாவது சுமார் 300 கிலோ. கேபினும் அதைத் தாங்கும் சட்டமும் 400 கிலோ. ஜாக்கின் தண்டு 80 மில்லிமீட்டர் விட்டம். தண்டு ஒரு மீட்டர் ஏறினால் கேபின் 2 மீட்டர் ஏறும் அமைப்பு. வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 45 லிட்டர் ஆயில் வேண்டும். கேபின் காலியாக இருக்கும்போது அழுத்தம் சுமார் 17 பார், நிறைந்திருந்தால் சுமார் 29 பார். அப்பத்தா தனியாக ஏறுவதும், நான்கு பேர் சீர்ச் சாமானோடு ஏறுவதும் வால்வுக்கு முற்றிலும் வேறு வேறு வேலை. இரண்டிலும் ஒரே மாதிரி கிளம்பி ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

மெக்கானிக்கல் வால்வு இதை ஆயிலின் அழுத்தத்தைக் கொண்டே சமாளிக்கிறது. ஜெர்மனியின் பிளெய்ன் நிறுவனத்தின் இ.வி. 100, இத்தாலியின் ஜி.எம்.வி. 3010 எல்லாம் இந்த வகை. இ.வி. 100இல், மின்சாரத்தால் ஆயில் வழியைத் திறந்து மூடும் சாலினாய்டு காயில்கள் நான்கு இருக்கும், ஏறுவதற்கு இரண்டு, இறங்குவதற்கு இரண்டு. அதில் ஒன்பது இடத்தில் ஆலன் கீ (ஆறுமுனைச் சாவி) வைத்துத் திருகி வைக்கலாம்: கிளம்பும் மென்மை, வேகம் குறையும் மென்மை, தளத்தை நெருங்கும் மெதுவேகம், கடைசி நிறுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. பொதுவாகத் திருகை இறுக்கினால் ஆயில் போகும் துளை சிறுத்து அந்த அசைவு மெதுவாகும். கம்ப்யூட்டர் கார்டு எதுவும் வேண்டாம். கையில் சாவியும் அனுபவமும் இருந்தால் போதும்.

இந்த வகையை முரடு என்று ஒதுக்குபவர்கள் பலர். நான் பார்த்தவரை, முரடாகப் போகும் மெக்கானிக்கல் லிஃப்ட்டுகளில் பாதிக்கு மேல் வால்வின் மேல் குற்றமே இல்லை. ஒரு மருத்துவமனையில், கிளம்பும்போது தூக்கிப் போடுகிறது என்று ஒரு வருடமாகப் புகார். எனக்கு முன்னால் வந்தவர்கள் வால்வின் சீல்களை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது, மோட்டார், குறைந்த கரண்ட்டில் கிளப்பும் ஸ்டார் இணைப்பிலிருந்து முழு ஓட்டத்துக்கான டெல்டா இணைப்புக்கு மாறுவதற்கு முன்பே கேபின் கிளம்பிக்கொண்டிருந்தது. மாறும் நொடியில் ஓர் உதை. டைமரைக் குறைத்து, ஆயிலைத் தொட்டிக்கே திருப்பும் பைபாஸ் வழி மூடுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினேன், உதை போய்விட்டது. இன்னொரு தவறு நிற்கும்போது நடக்கிறது. காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் அதே கணத்தில் மோட்டாரையும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் மோட்டார் அரை வினாடி ஓட வேண்டும். அப்போதுதான் வால்வு தானே மெதுவாகத் திறந்து கேபினை நிறுத்த முடியும். அந்த அரை வினாடி டைமர் இல்லாத பேனலைத் தயவுசெய்து வாங்காதீர்கள். கொட்டேஷன் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

மெக்கானிக்கல் வால்வின் உண்மையான பலவீனம் சூடு. ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 46 என்ற ஆயிலில் அந்த 46 என்பது 40 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மை. 60 டிகிரிக்குப் போனால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நீர்த்த ஆயில் துளைகளில் வேறு மாதிரி ஓடும், பம்ப்புக்குள்ளும் கசியும். காலையில் அளவெடுத்து வைத்த நிறுத்தம் மத்தியானம் மாறும். தளத்துக்கு 5 செ.மீ. முன்பு மெதுவேகத்துக்கு வந்துகொண்டிருந்த கேபின், 20 செ.மீ. முன்பே வந்துவிடும். மெதுவேகம் வினாடிக்கு 5 செ.மீ. என்றால் ஒரு வினாடி ஊர்ந்தது நான்கு வினாடி ஊரும். எதிர்ப்பக்கம் மாறினால் ஊரவே இடமில்லாமல் தளத்தில் வெடுக்கென்று நிற்கும்.

நம் ஊரில் எவ்வளவு சூடு ஏறும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிர் எடை இல்லாததால், நிறைந்த கேபின் 5 மீட்டர் இறங்கும் ஒவ்வொரு முறையும் 34 கிலோ ஜூல் சூடாக ஆயிலுக்குள் போகிறது. ஏறும்போது மோட்டாரிலும் பம்ப்பிலும் வீணாவதையும் சேர்த்தால் ஓர் ஏற்றம் இறக்கத்துக்கு 70 கிலோ ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டியில் 100 லிட்டர் ஆயில் இருந்தால் ஒரு சுற்றுக்கு அரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். சாதாரண நாளில் அப்பத்தா மூன்று தடவை போய்வந்தால் இது ஒன்றுமே இல்லை. வைகாசிக் கல்யாணத்தன்று, ஆயில் 35 டிகிரியில் தொடங்கி, காலை இரண்டு மணி நேரத்தில் 60 தடவை ஏறி இறங்கினால்? ஆற நேரம் கிடைக்காவிட்டால் 60 டிகிரியைத் தொடும்.

செட்டிநாட்டு வீட்டின் சிக்கல் இதுதான். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும், பிறகு ஒரு கல்யாணமோ மணிவிழாச் சாந்தியோ வந்தால் நூறு பேர் மூன்று நாள் லிஃப்ட்டை விடமாட்டார்கள். அப்புறம் மறுபடி பூட்டு. நகரத்து அபார்ட்மென்ட்டுக்காக எழுதிய ஒப்பீடுகளில் இப்படிப்பட்ட வாழ்க்கை வரவே வராது.

எலெக்ட்ரானிக் வால்வு சூட்டுப் பிரச்சினையை நேராகத் தீர்க்கிறது. சுவிஸ் நிறுவனமான புச்சரின் எல்.ஆர்.வி. இதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஜாக்குக்கு எவ்வளவு ஆயில் போகிறது என்று ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். இந்த நொடியில் எவ்வளவு வேகம் இருக்க வேண்டும் என்ற வளைகோடு கார்டில் எழுதப்பட்டிருக்கும். வித்தியாசம் தெரிந்தால் கார்டு வால்வைக் கொஞ்சம் திறக்கும், கொஞ்சம் மூடும். சுமை என்னவானாலும், ஆயில் 30 டிகிரியோ 60 டிகிரியோ, கேபின் ஒரே மாதிரி வந்து நிற்கும். ஊர்கிற தூரம் குறைவு, அதனால் சூடும் கொஞ்சம் குறைவு. பயணத்தின் மென்மை ஒன்றை மட்டும் வைத்துக் கேட்டால் நான் இதற்குத்தான் கை தூக்குவேன். ஏறுவது, இறங்குவது இரண்டையும் ஒரே அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் முறை இது.

ஆனால் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. எட்டு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மெயினைப் போட்டால் லிஃப்ட் அசையவில்லை. மழைக்காலத்து ஈரத்தில் கார்டின் கனெக்டர் பச்சைப் பிடித்திருந்தது, சென்சார் வயரை எலி கடித்திருந்தது. மதுரையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, கார்டு வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கார்டு வந்து சேர 11 நாள் ஆனது. கல்யாணம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பியிருந்தார்கள். பெண்ணின் ஆயாவை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கித்தான் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வால்வில் குறையில்லை. அந்த வீட்டின் வாழ்க்கைக்கு அது பொருந்தவில்லை.

மூன்றாவது முறைக்குப் போவதற்கு முன் ஒரு சொல் விளக்கம். வி.எஃப்.டி. டிரைவை இன்வெர்ட்டர் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் பேட்டரி வைத்த பெட்டி நினைவுக்கு வரும். இது அது இல்லை. வி.எஃப்.டி. டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் கருவி. பம்ப் மெதுவாகச் சுழன்று தொடங்கும், தேவையான அளவு ஆயிலை மட்டும் தள்ளும். மற்ற முறைகளில் கேபின் ஊரும்போதும் பம்ப் முழு ஆயிலையும் தள்ளும், மிச்சம் பைபாஸ் வழியாகச் சூடாகித் தொட்டிக்குத் திரும்பும். இதில் அந்த வீண் இல்லை. ஏறும் பயணம் பட்டுப் போல இருக்கும், சத்தமும் குறைவு.

இதன் பெரிய லாபம் கரண்ட். மோட்டாரை நேரடியாகக் கிளப்பினால் முழுச் சுமையில் எடுப்பதைப் போல 6 மடங்கு வரை இழுக்கும். ஸ்டார்-டெல்டாவில் அதில் மூன்றில் ஒரு பங்கு. டிரைவில் சாதாரண ஓட்டத்தின் அளவை ஒட்டியே இருக்கும். வோல்டேஜ் அலைபாயும் கிராமத்து லைனிலும், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் ஜெனரேட்டரிலும் இது பெரிய விஷயம். லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் வளவு முற்றத்தில் விளக்கு மங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பரவலாக விற்கும் அமைப்புகளில் டிரைவ் ஏறுவதை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், இறங்குவது வால்வின் கையில்தான். டிரைவுக்குக் கொடுத்த பணத்தை ஈடுகட்ட மலிவான வால்வைச் சேர்த்துவிட்டால், மேலே போகும்போது ராஜ மரியாதையும் கீழே வரும்போது குலுக்கலும்தான் மிஞ்சும். இன்னொன்று, டிரைவுக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்கு மேல் மின்சாரம் காணாமல் கிடந்தால் அவற்றுக்கு மெதுவாக மின்னழுத்தம் ஏற்றிப் பழக்க வேண்டும். திடீரென்று மெயினைப் போட்டால் போய்விடலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி இன்னொரு சங்கதி. ஆயில் ஆறினால் சுருங்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் பத்தாயிரத்தில் சுமார் ஏழு பங்கு. விசேஷம் முடிந்த இரவு கேபினை மாடியிலேயே விட்டுவிட்டால், 20 டிகிரி ஆறுவதற்குள் 7 செ.மீ. இறங்கியிருக்கும். எங்கும் கசிவு இல்லாமலே இப்படி நடக்கும். காலையில் கதவைத் திறந்து காலை வைக்கும் வயதானவருக்கு 7 செ.மீ. பள்ளம் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். இ.என். 81-20 என்ற ஐரோப்பிய விதியில், மின்சார முறையில் கேபின் நழுவாமல் பார்க்கும் லிஃப்ட் கடைசிப் பயணம் முடிந்த 15 நிமிடத்துக்குள் தானாகக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட வேண்டும். எந்த வால்வு வாங்கினாலும் இந்த வசதியை விட்டுக்கொடுக்காதீர்கள். மெயினை அணைக்கும் முன் கேபின் கீழே வந்துவிட்டதா என்று பார்க்க வீட்டைக் காக்கும் ஆளுக்கும் சொல்லி வையுங்கள். கரண்ட் போனால் கையால் இறக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் அவர் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிட வேண்டும். ஜாக்கில் ரப்சர் வால்வு கட்டாயம். குழாய் உடைந்து கேபின் வேகமெடுத்தால் அதுதான் அடைத்துப் பிடிக்கும்.

ஏற்கெனவே லிஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. குலுக்கினால் உடனே வால்வை மாற்றாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற ஜாக்கில் காற்று சேர்ந்திருக்கும், மேலே உள்ள திருகைத் தளர்த்தி வெளியேற்றிப் பாருங்கள். தண்டவாளத்தில் சுண்ணாம்புத் தூள் படிந்து காய்ந்திருந்தாலும் கேபின் விட்டு விட்டுத்தான் ஏறும். துடைத்து எண்ணெய் போடுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

இப்போது என் தீர்ப்பு. பாரம்பரிய வீட்டை ஹோட்டலாக நடத்துகிறீர்கள், தினமும் விருந்தாளிகள், பராமரிப்பு ஒப்பந்தமும் இருக்கிறது என்றால் எலெக்ட்ரானிக் வால்வு வாங்குங்கள். தினசரி ஓட்டத்தில் அது நன்றாக இருக்கும், பழுது வந்தால் அன்றே தெரியும். பெரியவர்கள் வருடம் முழுக்க ஊரிலேயே தங்கியிருக்கிறார்கள், லைனில் வோல்டேஜ் மோசம் என்றால் டிரைவ் போடுங்கள், கூடவே இறங்குவதற்கு நல்ல வால்வு.

எங்கள் வீடு போல அதிக நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மெக்கானிக்கல் வால்வைத்தான் சொல்கிறேன். அதோடு ஸ்டார்-டெல்டாவுக்குப் பதில் மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர், தொட்டியை 100 லிட்டருக்குப் பதில் 150 லிட்டராக வாங்குவது, பம்ப்பும் வால்வும் செய்தவர்கள் ஒப்புக்கொண்டால் வி.ஜி. 46க்குப் பதில் இன்னும் கெட்டியான வி.ஜி. 68 ஆயில். தொட்டி பெரிதானால் அதே 60 பயணத்துக்கு ஏறும் சூடு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். இவை எல்லாம் சேர்ந்தும் எலெக்ட்ரானிக் வால்வின் விலை வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டன. மென்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம், உண்மைதான். நான்கு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், காரைக்குடியிலிருந்து வரும் ஒரு சாதாரண மெக்கானிக் திருகிச் சரிசெய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது எனக்கு அதைவிட முக்கியம்.

"அப்ப வேகத்தையே கொறச்சுட்டா என்னண்ணே?" என்று சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வினாடிக்கு 0.15 மீட்டருக்கு மேல் போகாத வீட்டு லிஃப்ட்டுகள் உண்டு. அந்த வேகத்தில் எந்த வால்வும் மென்மையாகத்தான் இருக்கும். 5 மீட்டருக்கு 33 வினாடிக்கு மேல் ஆகும். தனிக் குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். விசேஷ நாளில் வரிசை நிற்கும் என்பதால் பெரியப்பச்சி வேண்டாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

திருகி அளவு வைக்கும் நாளையும் நானே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறேன்: சித்திரை வெயிலில், மத்தியானம், முப்பது தடவை ஓட்டி ஆயிலைச் சூடாக்கிய பிறகு. அடுத்த நாள் விடியற்காலையில் ஆறிய ஆயிலில் ஒரு முறை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்தினால் இரண்டும் பொறுக்கக்கூடியதாக இருக்கிறதோ அங்கே திருகை நிறுத்திப் பூட்டிவிட வேண்டும். காலியாகவும், 300 கிலோ மணல் மூட்டை ஏற்றியும் பார்க்க வேண்டும். கேபின் தரையில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பித்தளைச் சொம்பு ஒன்றை வைப்பேன். மேலே போய்க் கீழே வருவதற்குள் சிந்தக் கூடாது. 22 வருடமும் நான் பார்த்த சோதனை இது.

பங்காளிகள் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997இன்படி மின் ஆய்வுத் துறையில் லிஃப்ட் அமைக்கும் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. லிஃப்ட் வரும் மூலையில் இருக்கும் ஆத்தங்குடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, பின்னால் எண் எழுதி, வைக்கோல் போட்டு அடுக்கி வைத்திருக்கிறோம். ஆடி கழிந்ததும் குழி தோண்டுகிறோம். அப்பத்தா பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்.